வாள் சம்மதிக்க வேண்டும்

மாயாஜால உலகங்களில் நடக்கும் வீடியோ கேம்களில் ஆயுதங்களுக்குப் பஞ்சமே கிடையாது. செத்து விழும் அரக்கனிடமிருந்து ஒன்று, ஊர்க்கடையில் ஒன்று, பாழடைந்த கோபுரத்தின் பெட்டிக்குள் ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். தாக்குதல் எண்ணைப் பார்த்து, பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை விற்றுவிடுவது ஆடுகிறவர்களின் வழக்கம். இத்தனைக்கும் நடுவே ஏதோ ஒரு வாள் மட்டும் யார் இழுத்தாலும் அசையாமல் நிற்கும். அதை விலைக்கு வாங்க முடியாது, திருடவும் முடியாது. அதுவாகச் சம்மதித்தால்தான் உண்டு. அந்த மறுப்புத்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது. அதுவரை வெறும் பொருளாகக் கிடந்த ஆயுதம், 'மாட்டேன்' என்று சொன்ன கணத்தில் கதையின் ஒரு பாத்திரமாகிவிடுகிறது.

கதை எழுதுகிறவருக்கு இது எளிது. தகுதியுள்ளவன் வந்தான், வாள் வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். கேமை உருவாக்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. தகுதி என்றால் என்ன என்பதைக் கணினிக்குப் புரியும் நிபந்தனையாக அவர் எழுதியாக வேண்டும். வீரத்தையும் நேர்மையையும் அளக்கக் கணினியிடம் கோல் எதுவும் இல்லாததால், ஒவ்வொரு கேமும் தனக்கென ஓர் அளவுகோலை ஏற்படுத்திக்கொள்கிறது. சில பிறப்பைப் பார்க்கின்றன, சில பலத்தை, சில நடத்தையை. எதைப் பார்க்கிறது என்பதிலேயே அந்த கேம் மனிதர்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கல்லிலும் மரத்திலும் செருகிய வாள்கள்

கல்லில் செருகிய வாளைச் சிறுவன் ஆர்தர் உருவி எடுத்து அரசனான கதையை, 1200-ஐ ஒட்டிய காலத்தில் ராபர் த போரோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர் சொன்னார். 1485-இல் அச்சான தாமஸ் மாலரியின் நூல் அதை ஆங்கிலத்தில் நிலைநாட்டியது. ஐஸ்லாந்தின் வோல்சுங்கா சாகாவில் ஓடின் கடவுள் கிழவன் வேடத்தில் வந்து, அரண்மனைக்குள் வளர்ந்திருக்கும் மரத்தில் ஒரு வாளைப் பாய்ச்சிவிட்டுப் போகிறார். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் இழுத்துப் பார்க்கிறார்கள். சிக்முண்டின் கைக்கு மட்டும் அது வருகிறது. இந்தப் பழங்கதைகளில் வாள் புதிதாக எதையும் தீர்மானிப்பதில்லை. ஆர்தர் ஏற்கெனவே அரசனின் மகன். மறைந்திருந்த பிறப்பை வாள் ஊரறியச் செய்கிறது, அவ்வளவுதான்.

தோரின் சுத்தியலைத் தகுதியுள்ளவர் மட்டுமே தூக்க முடியும் என்பதையும் பலர் பழைய புராணம் என்றே நம்புகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் தொகுத்த எட்டாவில் அப்படியொரு நிபந்தனை இல்லை. அங்கே தோருக்கு வேண்டியது இரும்புக் கையுறையும் பலம் தரும் இடுப்புப் பட்டையும். தகுதி பற்றிய வாசகத்தைச் சுத்தியலில் பொறித்தது 1962-இல் வெளிவந்த மார்வெல் காமிக்ஸ். பிறப்பிலிருந்து குணத்துக்கு அளவுகோல் நகர்ந்தது எவ்வளவு சமீபத்தில் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்திய இதிகாசங்களின் ஏற்பாடு வேறு. சனகனின் வில்லை விட்டுவிட்டால், இங்கே ஆயுதம் காட்டில் செருகிக் கிடந்து ஆளுக்காகக் காத்திருப்பது குறைவு. தெய்வம் அதை வரமாகத் தருகிறது. சோதனை முழுவதும் அதற்கு முந்தைய தவத்தில் நடந்து முடிந்துவிடும். பாசுபதத்துக்காக அர்ச்சுனன் செய்த தவத்தைத் தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் தபசு மரம் ஏறி நடித்துக் காட்டுகிறார்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' என்ற கேம் இந்த மரபில் வந்தது. கடத்தப்பட்ட தம்பியைத் தேடிப் போகும் ராஜி என்ற பெண்ணுக்குத் துர்க்கையின் திரிசூலம் கிடைக்கிறது. அவள் எதையும் உருவி எடுப்பதில்லை. தெய்வங்கள் அவளைப் பார்த்திருந்து கொடுக்கின்றன.

அகங்காரத்துக்கு ஓர் எண்

ஆயுதத்தின் மனத்தை முதன்முதலில் விதியாக எழுதியது கணினி அல்ல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் ஆட்டம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மந்திர வாள்களுக்குப் புத்தி என்று ஓர் எண்ணையும் அகங்காரம் என்று இன்னோர் எண்ணையும் வைத்தது. வாளுக்கு ஒரு தரப்பும் உண்டு: ஒழுங்கு, குழப்பம், நடுநிலை. எதிர்த் தரப்பைச் சேர்ந்தவன் தொட்டாலே காயம் படும். அகங்காரம் மிகுந்த வாள் இன்னும் மோசம். வழியில் அதைவிட நல்ல ஆயுதம் கிடந்தால் எடுக்கவிடாது. தன் பெருமையைக் காட்டிக்கொள்ளத் தூக்கியவனைக் கொண்டுபோய் ஆபத்தில் நிறுத்தும். யார் யாரை ஆள்வது என்பது வாளின் எண்ணையும் மனிதனின் எண்ணையும் ஒப்பிட்டுத் தீர்க்கப்படும்.

இந்தச் சிந்தனைக்குப் பின்னால் இரண்டு எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் இடையிலான போர் போல் ஆண்டர்சனின் கதைகளிலும் மைக்கேல் மூர்காக்கின் கதைகளிலும் வருவது. மூர்காக்கின் நாயகன் எல்ரிக் ஏந்தும் கறுப்பு வாள் ஸ்டார்ம்பிரிங்கர் ஆன்மாக்களைக் குடிக்கும். உடல் நலிந்த எல்ரிக்குக்கு அந்த வலுவில்தான் வாழ்வு, ஆனால் அவன் நேசிப்பவர்களும் அதற்கே இரையாகிறார்கள். 1979-இல் அந்த ஆட்டத்துக்காக லாரன்ஸ் ஷிக் எழுதிய 'ஒயிட் புளூம் மவுண்டன்' என்ற சாகசத்தில் வரும் பிளாக்ரேசர் வாள் நேராக இவ்வழியில் வந்தது. கூடவே வரும் வேவ் என்ற திரிசூலத்துக்கு வேறு பிடிவாதம்: ஏந்துகிறவன் கடல் தெய்வத்தை வணங்க வேண்டும்.

அதே 1979-ஆம் ஆண்டு வந்த அந்த ஆட்டத்தின் விதிநூலில் மென்மையான இன்னொரு வழியும் இருக்கிறது. 'ஹோலி அவெஞ்சர்' என்ற வாள் யார் கையிலும் வேலை செய்யும். சாதாரண வீரன் எடுத்தால் அதன் கூடுதல் பலம் 2. அறம் தவறாத சபதம் ஏற்ற பாலடின் எடுத்தால் 5, அதோடு மந்திரங்களைத் தடுக்கும் கவசமும் சேரும். வாள் மறுப்பதில்லை, முழுதாகத் தன்னைக் காட்டாமல் இருந்துவிடுகிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கெல்லாம் ஒரு பொதுச் சடங்கை வைத்தது. பல மந்திரப் பொருள்களோடு ஒரு மணி நேரமாவது ஒன்றி உட்கார்ந்தால்தான் அவை வசப்படும். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வசப்படுத்த முடியாது. மனமுள்ள ஆயுதத்தோடு கருத்து முரண்பட்டால், அது கோரிக்கை வைக்கும், சக்தியை நிறுத்திவைக்கும், சமயத்தில் ஆளையே கைப்பற்றப் பார்க்கும்.

கணினிக்கு வந்த இந்த விதிகளை மிகக் கறாராகப் பின்பற்றியது 1987-இல் பிறந்த 'நெட்ஹேக்'. எழுத்துகளால் மட்டுமே வரைந்த அந்த கேமில் நீண்ட வாள் ஒன்றை நீரூற்றில் முக்கினால் ஆர்தரின் எக்ஸ்காலிபர் கிடைக்கலாம். ஐந்தாவது லெவலையாவது எட்டியிருக்க வேண்டும். ஒழுங்கின் தரப்பில் நிற்க வேண்டும். மற்றத் தரப்பினர் முக்கினால், வாள் சாபம் பிடித்துத் திரும்பி வரும். சுயபுத்தி உள்ள சில ஆயுதங்கள், பிடிக்காதவர் எடுக்கப்போனால் கைக்கு எட்டாமல் நழுவிவிடும்.

கறாரான விதி இருக்கும் இடத்தில் ஓட்டையும் இருக்கும். பயோவேர் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 2' கேமில் (2000) ஃபிர்க்ராக் என்ற சிவப்பு டிராகனைக் கொன்றால் கார்சோமிர் கிடைக்கும். ஹோலி அவெஞ்சர் வகையைச் சேர்ந்த அந்தப் பெருவாளைப் பாலடின் மட்டுமே ஏந்தலாம். அடுத்த ஆண்டு வந்த தொடர்ச்சியில், உயர்ந்த லெவலை எட்டிய திருடர்களுக்கு எந்தப் பொருளையும் பயன்படுத்தும் திறமை ஒன்று சேர்க்கப்பட்டது. அறத்தின் வாளைத் திருடன் தூக்கிக்கொண்டு திரியலாம் என்று ஆகிவிட்டது. விதி வெறும் தொழில்பெயரைச் சரிபார்த்ததே தவிர, ஆளின் நடத்தையை ஒருபோதும் பார்க்கவில்லை என்பது அங்கே அம்பலமாகிறது.

பதின்மூன்று இதயங்கள்

பலத்தை அளக்கும் கேம்களில் நின்டெண்டோவின் 'லெஜண்ட் ஆஃப் செல்டா' வரிசைக்கு இணை இல்லை. 1986-இல் வந்த முதல் கேமிலேயே இதன் விதை விழுந்துவிட்டது. உயிரின் அளவைக் காட்டும் இதயங்கள் ஐந்து சேர்ந்தால்தான் குகைக் கிழவர் வெள்ளை வாளைத் தருவார். கல்லறைக்கு அடியில் இருக்கும் மந்திர வாளுக்குப் பன்னிரண்டு இதயங்கள் வேண்டும். 1991-இல் மாஸ்டர் ஸ்வோர்ட் என்ற தெய்வ வாள் காட்டுக்குள் முளைத்தது. அதை உருவ மூன்று பதக்கங்கள் தேவைப்பட்டன.

1998-இன் 'ஆக்கரினா ஆஃப் டைம்' இந்தச் சடங்கைத் துயரமாக்கியது. சிறுவன் லிங்க் காலக் கோயிலில் வாளை உருவுகிறான். வாள் அவனை ஏற்கிறது, ஆனால் வயது போதாது. வளர்ந்து ஆளாகும்வரை ஏழு ஆண்டுகள் அவனை உறக்கத்தில் வைத்துவிடுகிறது. அவன் திறந்துவிட்ட வழியாகவே வில்லன் கனோன்டார்ஃப் புனித உலகுக்குள் நுழைந்து, அந்த ஏழு ஆண்டுகளில் நாட்டைச் சுடுகாடாக்கிவிடுகிறான். தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஊரே விலை கொடுக்கிறது. வாளின் தேர்வை வெறும் பரிசாகக் காட்டாமல் இப்படிச் சுமையாகக் காட்டத் துணிந்த கேம்கள் குறைவு.

2017-இன் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' முதல் கேமின் எண்ணிக்கைக்கே திரும்பிப் போனது. ஆனால் அந்த எண்ணை உடலில் உணரவைத்தது. லிங்க் வாளின் கைப்பிடியைப் பற்றியதும் இதயங்கள் ஒவ்வொன்றாகக் கரையத் தொடங்கும். தகுதி இல்லாதவன் உயிரையே இழப்பான் என்று தேகு மரம் எச்சரிக்கும். பதின்மூன்று இதயங்கள் சேர்த்தவனுக்கு மட்டும், எல்லாம் தீரும் தறுவாயில் வாள் வெளியே வரும். உணவாலும் மருந்தாலும் சேரும் மஞ்சள் இதயங்கள் கணக்கில் வராது. லிங்க் தொடங்கும்போது இருப்பவை மூன்று. மீதியைக் கோயில் கோயிலாக ஏறி, நான்கு ஒளியுருண்டைகளுக்கு ஓர் இதயம் என்ற கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும் இயந்திர மிருகம் ஒவ்வொன்றை மீட்டால் ஓர் இதயம் கூடும்.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. கதைப்படி வாள் லிங்கை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டது. தோற்று, நினைவிழந்து, உடைந்து எழுந்து வந்திருக்கும் அவனைத்தான் அது மறுபடி சோதிக்கிறது. நீ யார் என்று கேட்கவில்லை. மீண்டு எழுந்துவிட்டாயா என்று கேட்கிறது. அந்தப் பத்து இதயங்களைச் சேர்க்க ஆடுகிறவர் செலவிட்ட மணிநேரங்களும், விழுந்த பாறைகளும், தோற்ற சண்டைகளும் அப்படியே பதிலாகிவிடுகின்றன. கதாபாத்திரத்தின் தகுதியும் ஆடுகிறவரின் உழைப்பும் ஒரே பொருளாகும் இடம் அது. கொம்புச் சிலை ஒன்றிடம் உடல்வலுவைக் கொடுத்து இதயமாக மாற்றிக்கொண்டு வாளை எடுத்தபின் திருப்பி வாங்கும் குறுக்குவழி இருந்தாலும், அதற்கும் முதலில் சம்பாதித்த ஏதாவது கையில் இருக்க வேண்டும். 2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேட்பது இதயத்தை அல்ல, பிடிவலுவை. வானத்தில் பறக்கும் டிராகனின் தலையில் செருகியிருக்கும் வாளை, இரண்டு முழுச் சக்கர அளவு வலு இருந்தால்தான் விடாமல் பற்றி இழுக்க முடியும்.

இரத்தம் கேட்கும் ஆயுதங்கள்

பிறப்பை அளவுகோலாக வைக்கும் மரபு ஜப்பானிய 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் முழு வளர்ச்சி பெற்றது. 1990-இன் முதல் கேமில் ஃபால்ச்சியன் வாளை இளவரசன் மார்த் மட்டுமே ஏந்தலாம். 1996-இன் 'ஜெனியாலஜி ஆஃப் தி ஹோலி வார்' இதைக் குடும்ப வரலாறாகவே விரித்தது. பன்னிரண்டு புனித வீரர்களின் ஆயுதங்கள் அவர்களின் நேரடி வாரிசுகளுக்கே வசப்படும். முதல் தலைமுறையில் யார் யாரை மணக்கிறார்கள் என்பதை ஆடுகிறவரே கவனித்து அமைத்தால்தான், இரண்டாம் தலைமுறையில் சரியான பிள்ளையின் கைக்குச் சரியான ஆயுதம் போகும். திருமணம் இங்கே போர்த் தந்திரமாகிறது.

அதே வரிசை 2019-இல் தன் விதியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 'த்ரீ ஹவுசஸ்' கேமில் பிறப்பிலேயே இரத்தத்தில் வரும் 'கிரெஸ்ட்' என்ற முத்திரை உள்ளவர்களுக்கே மாவீரர் ஆயுதங்கள் பணியும். மிக்லன் மூத்த மகன். முத்திரை இல்லாமல் பிறந்ததால் ஒதுக்கப்பட்டவன். தம்பி சில்வேனுக்கு முத்திரை உண்டு, அதனால் எல்லாம் தம்பிக்கு. ஆத்திரத்தில் மிக்லன் குடும்ப வேலைத் திருடிப் போகிறான். அந்த வேல் அவனை விழுங்கி ஒரு கறுப்பு மிருகமாக்கிவிடுகிறது. தகுதி என்ற பெயரில் பிறப்பு ஆண்டால் ஒரு சமூகம் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காட்சியே போதும். பேரரசின் வாரிசு எடல்கார்ட் போர் தொடங்குவதும் இந்த முத்திரை ஆட்சியை ஒழிக்கத்தான். ஆயுதத்தின் தேர்வு நியாயமா என்று கேட்ட அரிய கேம் இது.

அதற்கும் வெகு முன்னால், 1992-இல், யூஜி ஹோரியின் 'டிராகன் குவெஸ்ட் 5' இதைவிட ஆழமான ஒன்றைச் செய்துவிட்டது. தந்தையின் விரல் பிடித்து ஊர் ஊராகத் திரியும் சிறுவனாக ஆட்டம் தொடங்குகிறது. அந்தத் தந்தை மகனின் கண்ணெதிரே கொல்லப்படுகிறார். மகன் பத்தாண்டு அடிமையாக உழைக்கிறான். தப்பி வந்து, தந்தை ஒளித்து வைத்திருந்த வான வாளையும் கடிதத்தையும் கண்டெடுக்கிறான். புராண வீரனைத் தேடிப் பிடி என்கிறது கடிதம். முந்தைய நான்கு கேம்களை ஆடிய யாருக்கும் அங்கே சந்தேகம் வராது: அந்த வீரன் தான்தான். வாளை எடுத்து ஏந்தப் பார்க்கிறார்கள். ஏந்த முடிவதில்லை.

வாள் காத்திருப்பது அவனுக்காக அல்ல. அவன் மணந்து, பிள்ளைகள் பிறந்து, கல்லாய்ச் சபிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்து மீளும்போது, இரட்டைப் பிள்ளைகளில் ஆண்பிள்ளை அந்த வாளைத் தூக்கி வந்து நிற்கிறான். அவன்தான் புராண வீரன். பத்தாண்டு அடிமைத்தனத்தையும் அத்தனை சண்டைகளையும் தாங்கி வந்த நாயகனின் பங்கு, தேர்ந்தெடுக்கப்பட்டவனின் தகப்பனாக இருப்பது. தன் தந்தை தனக்குச் செய்ததையே அவன் மகனுக்குச் செய்கிறான். ஏந்த முடியாத ஓர் ஆயுதத்தை மட்டும் வைத்து இத்தனை பெரிய உணர்வைக் கட்டியெழுப்பிய கேம் வேறொன்று சொல்வது கடினம்.

நடத்தையின் கணக்கு

நடத்தையை அளப்பது எல்லாவற்றிலும் கடினம். ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4' 1985-லேயே அதைச் செய்து பார்த்தது. நேர்மை, கருணை, வீரம் முதலான எட்டு அறங்களுக்கும் கணினி பின்னணியில் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். பார்வையற்ற மூலிகைக்காரியிடம் குறைத்துக் காசு கொடுத்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் நேர்மையின் கணக்கு சரிந்துவிடும். எட்டிலும் முழுமை அடைந்தவருக்கே புதைந்திருக்கும் தெய்வீக வாள்களும் கவசங்களும் அகப்படும். யாரும் பார்க்காதபோது ஆடுகிறவர் எப்படி நடந்துகொண்டார் என்பதே அங்கே தகுதி.

1991-இன் 'ஃபைனல் ஃபேண்டசி 4' அதே கேள்வியை ஒரே சண்டைக்குள் சுருக்கியது. அரசன் ஆணைக்காகப் பாவங்கள் செய்த இருள்வீரன் செசில், சோதனை மலையேறிக் கண்ணாடியில் தன் இருண்ட உருவத்தோடு மோதுகிறான். அதுவரை எல்லாச் சண்டையும் அடித்து ஜெயித்தது. இங்கே திருப்பி அடிக்காமல் தாங்கி நிற்க வேண்டும். பாலடின் ஆனதும் அவன் முதல் லெவலுக்கு இறங்கிவிடுகிறான். பழைய பலம் கணக்கில் சேராது.

'க்ரோனோ ட்ரிகர்' (1995) மசமுனே வாளுக்குள் மாசா, முனே என்ற இரு ஆவிகளைக் குடிவைத்தது. சிறுவர் உருவில் வந்து மோதிப் பார்க்கும் அவை தோற்ற பின்பும் கையில் கிடைப்பது உடைந்த பாதி வாள்தான். அதற்கு உரியவர் 'தவளை' என்று அழைக்கப்படுபவர். நண்பன் சைரஸ் தன் கண்முன் சாகத் தான் பார்த்து நின்ற குற்றவுணர்வில் காட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வீரன் அவர். இதற்கிடையே வீரப் பதக்கம் தற்செயலாகக் கையில் சிக்கிய டாட்டா என்ற சிறுவனை ஊரார் மாவீரன் என்று கொண்டாடுகிறார்கள், பையன் பயத்தில் நடுங்குகிறான். ஊர் தேர்ந்தெடுத்தவனும் வாள் தேர்ந்தெடுத்தவரும் வேறு வேறு. வாளின் முழு வலிமை பிற்பாடு சைரஸின் ஆவி அமைதியடைந்த பிறகுதான் திரும்புகிறது. 'கிங்டம் ஹார்ட்ஸ்' (2002) இன்னொரு பக்கத்தைக் காட்டியது: சாவி வடிவ வாள் முதலில் நாயகன் சோராவின் நண்பன் ரிக்குவுக்கு உரியதாக இருந்தது. அவன் சோராவிடமிருந்து அதைப் பறித்தும் விடுகிறான். மரவாளோடு நிற்கும் சோரா நண்பர்களே தன் பலம் என்று நம்பி எதிர்த்து நின்றதும் அது அவனிடமே திரும்புகிறது. இங்கே தேர்வு ஒரு தடவையோடு முடிவதில்லை.

தீய ஆயுதங்களுக்கும் தேர்வு உண்டு, நேர்மாறான அளவுகோலில். 'வார்கிராஃப்ட் 3' (2002) கேமின் ஃப்ராஸ்ட்மோர்ன் வாள் தேடுவது பலவீனத்தை. மக்களைக் காக்க எந்த விலையும் தரலாம் என்று துணிந்த இளவரசன் ஆர்த்தஸ், எச்சரிக்கையை மீறி அதை எடுக்கிறான். ஊர் திரும்பியதும் அதே வாளால் தந்தையைக் கொல்கிறான். 'சோல்காலிபர்' (1998) கேமில் சோல் எட்ஜ் வாளுக்கு இரையாகும் சீக்ஃப்ரீடும் தந்தையைத் தெரியாமல் கொன்ற குற்றவுணர்வு அரித்த இளைஞன்தான்.

எல்லாரும் தேர்ந்தெடுக்கப்பட்டால்

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்களில் இந்த உத்தி சிக்கலில் மாட்டுகிறது. 2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' சிறந்த ஆயுதங்களை எடுத்தவரின் ஆன்மாவோடு பிணைத்துவிடும். அதன்பின் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. சொல்லும் பெயர் மாயம், உள்ளே இருப்பது பொருளாதாரம்: எல்லாவற்றையும் விற்க முடிந்தால் சந்தை நிரம்பிவிடும், போருக்குப் போக யாருக்கும் காரணம் இராது.

2016-இல் வந்த அதன் 'லீஜன்' பாகம் ஒவ்வொருவருக்கும் ஒரு புராண ஆயுதம் தந்தது. வீரர்களின் 36 பிரிவுகளுக்கும் தனித்தனி ஆயுதம், தனித்தனிக் கதை. வார்கிராஃப்ட் கதைகளில் ஒற்றை வாளாகப் போற்றப்பட்ட ஆஷ்பிரிங்கர், தண்டிக்கும் பிரிவைச் சேர்ந்த ஒவ்வொரு பாலடினின் முதுகிலும் தொங்கியது. தலைநகரின் தெருவில் பத்து ஆஷ்பிரிங்கர்கள் ஒன்றாக நிற்கும். தனியாகக் கதையை ஆடும்போது அந்த வாளைப் பெறும் கட்டம் உண்மையிலேயே நெஞ்சைத் தொடுவது. கூட்டத்துக்குள் வந்ததும் அந்தத் தனித்தன்மை கரைந்துபோகும். மறுக்கவே மறுக்காத ஆயுதத்தின் சம்மதத்துக்கு மதிப்பு குறைவு என்பதை ஆடியவர்கள் நேரடியாக உணர்ந்தார்கள்.

2018-இல் அடுத்த பாகம் வருவதற்கு முன், அந்த ஆயுதங்களிடமிருந்து விடைபெறக் கதையிலேயே ஒரு வழி செய்யப்பட்டது. சார்ஜெராஸ் என்ற அசுரக் கடவுளின் பிரம்மாண்டமான வாள் பூமியில் பாய்ந்து நிற்கிறது. அதன் நஞ்சை உறிஞ்சியெடுக்க ஒவ்வொரு வீரரும் தன் ஆயுதத்தின் சக்தி முழுவதையும் செலவழிக்கிறார். சக்தி வற்றிய ஆஷ்பிரிங்கரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தாக்குதல் எண் கூடுதலாக இருந்த அடுத்த வாளை எடுத்துக்கொண்டார்கள்.